மட்டக்களப்புக்குச் சைக்கிளில்: கரையோரமா, ஹபரணை வழியா?

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மிதித்துப் போக இரண்டு வழி. ஒன்று கரையோர ஏ15 வீதி: கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை. ஏறக்குறைய 130 கிலோமீற்றர். மற்றது ஏ6 இல் கந்தளாய், ஹபரணை போய், அங்கிருந்து ஏ11 இல் மின்னேரியா, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாக இறங்குவது. இது 200ஐத் தாண்டும். அப்படியிருந்தும் பொலன்னறுவையையும் பார்த்துவிடலாமே என்று ஹபரணைப் பக்கம் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள்?

ஹபரணைப் பக்கம் யானைக்காடு. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு எல்லாம் அடுத்தடுத்து. ஜூலை முதல் ஒக்டோபர் வரை குளம் வற்றி இளம்புல் முளைக்க, மின்னேரியாவில் யானைகள் கூட்டம் கூட்டமாகச் சேரும். பொழுது சாய்ந்தால் அவை வீதியைக் கடக்கும். கூடாரத்தை அங்கே நினைக்கவே வேண்டாம். பையில் இருக்கும் அரிசியும் வாழைப்பழமும் யானையை அழைத்து வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இரவும் காசு கொடுத்து அறை எடுக்க வேண்டும், அதுவும் மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். அறைக்குக் குறைவில்லை என்பது உண்மை.

அப்புறம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். நம்மூரிலிருந்து ஹபரணை இருப்பதும் அதே தென்மேற்கில்தான். ஓர் ஆவணியில் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து மிதித்தேன். கந்தளாய்க் குளக்கட்டைக் காணும்போதே இரண்டு போத்தல் தண்ணீரும் முடிந்து, உதட்டில் உப்புப் படிந்திருந்தது. கரையோரத்தில் அதே காற்று பக்கவாட்டில்தான் படும். சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும்.

ஏ15 முன்பு இப்படி இருக்கவில்லை. ஆற்றுக்கு ஆறு பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. பின்னர் இறால்குழி, கங்கை, வெருகல் என்று பாலங்கள் வந்தன. இப்போது இறங்காமலே மிதிக்கலாம். ஏ6 இல் முதுகுக்குப் பின்னால் உறுமும் சீமெந்து லொறிகளும் மா லொறிகளும் இங்கே குறைவு. கிண்ணியாவில் சட்டித் தயிர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அடுத்த இருபது கிலோமீற்றருக்குத் தெம்பு.

படுக்க இடம்? தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் காலங்காலமாக இந்தக் கரையால்தான் போகிறார்கள். கோயில்களில் தங்கித் தங்கிப் போவார்கள். நாமும் அந்தத் தடத்தைப் பிடித்தால் போதும். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் ஏறக்குறைய பாதி வழி. பொறுப்பானவரிடம், “ஐயா, ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போகலாமா?” என்று கேட்டால் முகம் சுளிப்பவர்களை நான் கண்டதில்லை. ஆனால் வெருகலாற்றில் இருட்டில் கால் வைக்காதீர்கள், முதலை உண்டு. இந்தப் பக்கத்திலும் காட்டோரமாக யானை வரும். வெட்டவெளியில் தனியாகப் படுக்காதீர்கள்.

வாகரைக் கடற்கரையில் கூடாரம் போட ஆசையென்றால், முதலில் மீன்வாடிக்காரரிடம் கேளுங்கள். கேட்காமல் படுத்தால் நடுச்சாமத்தில் ரோந்து வருபவர்களின் டோர்ச் முகத்தில் அடிக்கும். ஆப்பு மணலில் நிற்காது. சீலைப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். கச்சானுக்கும் அசையாது. காலையில் சங்கிலியை நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் விடாவிட்டால் இரண்டே நாளில் துரு ஏறும்.

டியூப் விஷயத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான். ஊர்க் கடைகளில் 26, 28 அங்குலம் கிடைக்கும். மெல்லிய ரேசிங் டயர் போட்டவர்கள் இரண்டு டியூபும் பம்பும் கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டையுமே தள்ளிப்போடுங்கள். மகாவலி பெருகினால் வெருகலிலும் வெள்ளம், ஏ11 இல் மன்னம்பிட்டியிலும் வெள்ளம். ஏப்ரல் நல்லது. பகல் வெயில் சுடும், அதனால் விடிய ஐந்துக்கே புறப்பட்டு, வெயில் ஏறமுன் மூதூரைத் தாண்டிவிடுங்கள்.