ஒரு நாள் பைக் பயணம்: மலை ஏறுவதா, வயல்வெளியில் ஓட்டுவதா, அடிவாரத்தோடு போவதா?

கையில் இருப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். விடியும்போது கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். நகரத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கிராமங்கள். எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் "மலைக்குத்தான்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன், இன்றும் போகிறேன். ஆனால் இயற்கைக் காட்சி பார்க்கத்தான் கிளம்புகிறோம் என்றால் மலைப்பாதையை நான் முதலில் வைக்க மாட்டேன். கிராமத்துச் சாலை இருக்கிறது, மலையின் காலடியை ஒட்டியே ஓடும் அடிவாரச் சாலையும் இருக்கிறது. அடிவாரச் சாலையைப் பலரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. மலைக்குப் போகிற அவசரத்தில் அதைக் குறுக்கே கடந்து போய்விடுகிறோம்.

மலைப்பாதை: ஓட்டச் சுகம், பார்க்க நேரமில்லை

ஒரு கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இரண்டுக்கோ ஒன்றுக்கோ இறக்கி, ஹாரன் அடித்து, எதிரே பேருந்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நுழைகிறோம். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். பாதி திரும்பியதும் ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் வண்டி நிமிர்ந்து வெளியே வருகிறது. மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. கொல்லிமலையில் இப்படி 70 வளைவுகள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் வடக்குப் பக்கம் மட்டும் 48, அதையெல்லாம் ஏறி முடித்தால் 2,757 மீட்டர் உயரம்.

ஓட்டுபவருக்கு இதற்கு ஈடு இணை கிடையாது. நான்கைந்து வளைவு ஒழுங்காக அமைந்துவிட்டால் உடம்பும் வண்டியும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தோமா? பார்க்க முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறோம். "ஆஹா, எவ்வளவு அழகு" என்று இரண்டு நொடி பக்கவாட்டில் திரும்பினால் 22 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்போம். அந்தத் தூரத்துக்குள் ஒரு வளைவே வந்துவிடும். ஆக, மலைப்பாதையில் காட்சி என்பது நின்று பார்ப்பது மட்டும்தான். அதற்கும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, சாலை அகலமான இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து வருபவர் வேண்டுமானால் ஆசைதீரப் பார்க்கலாம்.

வானிலை அடுத்த விஷயம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிர்ச்சி கூடும். 1,500 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 டிகிரி. கீழே வியர்த்து நனைந்த சட்டை மேலே போனதும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஜாக்கெட்டோடு மாற்றுச் சட்டை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற, சூடான காற்று சரிவுகளில் மேலேறி உச்சியைச் சுற்றி மேகமாகத் திரளும். காலையில் கண்ணாடி போல இருந்த மலை, மதியத்துக்கு மேல் மூடிக்கொள்வதும் மழை கொட்டுவதும் இதனால்தான். தாமதமாகக் கிளம்பிப் போய் வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய.

உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் வண்டியின் இழுவையும் குறையும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். கார்புரேட்டர் வண்டியில் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் பங்கு வேறு அதிகமாகிப் புகை கக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் பார்த்துப் பெட்ரோலை அளந்து தெளிப்பதால் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் குறைந்த இழுவையை அதனாலும் திருப்பித் தர முடியாது. 100 சிசி வண்டியில் இருவர் ஏறும்போது முதல் கியரிலேயே முக்குவது இதனால்தான்.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. ஒருமுறை நீண்ட இறக்கத்தில் முன் டிஸ்க் பிரேக்கைக் கிட்டத்தட்ட விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு கருகல் வாடை. முன்னால் போன லாரியில் இருந்து வருகிறது என்று நினைத்துவிட்டேன். இரண்டு வளைவு தள்ளி பிரேக்கைப் பிடித்தால், லிவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கைப்பிடியில் வந்து முட்டியது. வண்டி வேகம் குறையவில்லை. பின் பிரேக்கை மிதித்து, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, மலைச்சுவர்ப் பக்கம் இருந்த மண் திட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. என் வண்டியில் ஆயில் மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், நாம் கொடுக்கும் அழுத்தம் குமிழைத்தான் நசுக்கும், பிரேக்குக்குப் போய்ச் சேராது.

அதனால் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், அப்போது எஞ்சினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருவது அதைவிட ஆபத்து. இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டிருந்தால் எஞ்சினுக்கு வரும் பெட்ரோலைப் பெரும்பாலும் அதுவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடப் பெட்ரோல் செலவாகும். கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் பிடிப்பு குறைவு என்பதால், நீண்ட இறக்கத்தில் அடிக்கடி நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு வருவது நல்லது. பின்னால் ஆள் இருந்தால் அவர் எடையில் ஒரு பங்கும் உங்கள் முதுகிலும் மணிக்கட்டிலும் இறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கிராமத்துச் சாலை: கண்ணுக்கு விடுதலை

இங்கே கதை தலைகீழ். சாலை தூரம்வரை தெரிகிறது, வேகம் 40, 45. கண்ணை ஒரு கணம் எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்ற இறுக்கம் இல்லை. நாற்று நட்ட வயலில் வானம் கிடப்பது, வரப்பில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது, தண்ணீர் பாயும் இடத்தைத் தாண்டும்போது மட்டும் முகத்தில் ஒரு குளிர்ச்சி, இதெல்லாம் ஓடிக்கொண்டே கிடைக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தலாம். டயர் பஞ்சரானாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும் தூரத்தில் ஏதாவது ஓர் ஊர் இருக்கும்.

சலிப்பு தட்டும் என்பது உண்மைதான். நேர்ச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கண் சொருகும், 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நான் கண்டுபிடித்த வழி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவது. வரைபடத்தில் ஆறு அல்லது வாய்க்காலின் நீலக்கோட்டை ஒட்டி ஒரு மெல்லிய சாலை ஓடுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வளைகிற இடத்தில் சாலையும் வளையும், கரையில் மரம் இருக்கும். நெடுஞ்சாலைக்கு இணையாகப் போகும் சாலையைவிட இது பல மடங்கு மேல்.

ஆபத்து இங்கேயும் உண்டு, வேறு மாதிரி. திடீரென்று குறுக்கே ஓடும் நாய், கன்றைத் தேடி வரும் பசு, டிராக்டர் சக்கரம் உதிர்த்துவிட்டுப் போன சேறு, நனைந்த வைக்கோல், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. ஊருக்குள் நுழையும்போது வேகத்தைப் பாதியாக்கிவிட்டால் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது.

அடிவாரச் சாலை: என் ஓட்டு இதற்குத்தான்

மலை மேல் நிற்பவருக்கு மலை தெரியாது. அவருக்குத் தெரிவது சமவெளி. மலையின் முழு உருவம், அதன் உயரம், மடிப்பு, பாறை முகம் எல்லாம் கீழே இருப்பவருக்குத்தான் தெரியும். அடிவாரச் சாலை அதை நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மலை, நடுவில் நாம். ஓட்டமும் கொஞ்சம் மேடு பள்ளமாக, மிதமான வளைவுகளோடு இருப்பதால் தூக்கம் வராது, பதற்றமும் இருக்காது.

மழை ஓய்ந்த மறுநாள் ஒன்றில் அப்படிப் போய்க்கொண்டிருந்தேன். பாறையில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. கல்லில் ஓடும் வெண்படிவம் என்று நினைத்தேன். சிறு பாலம் ஒன்றில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அந்தக் கோடு அசைவது தெரிந்தது. அருவி. சத்தம் எட்டாத தூரம். அதே தண்ணீர்தான் இறங்கி ஓடி வந்து, என் காலடியில் பாலத்துக்குக் கீழே சலசலத்துக்கொண்டிருந்தது. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் பத்து கிலோமீட்டர் போனதும், காலையில் ஒரே சிகரமாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. சாலை மாறவில்லை, பார்க்கும் கோணம் மாறியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். மலை உங்களுக்கு மேற்கே இருந்தால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும், பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். மாலையில் அதே மலை வெறும் கறுப்பு நிழல். கிழக்கே இருந்தால் இதற்கு எதிர்மாறு, மாலையில்தான் போக வேண்டும். பொதுவாகவே நகரத்திலிருந்து மேற்கு நோக்கிப் போகும் பயணம் கண்ணுக்கு நல்லது. காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிழக்கே போனால் இரண்டு வேளையும் கண்ணில் குத்தும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிவாரச் சாலைகளில் தரைப்பாலங்கள் நிறைய. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், ஆனால் மலைமேல் பெய்த மழை சிறிது நேரத்தில் வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் கலங்கி ஓடினாலோ ஆழம் தெரியாவிட்டாலோ வண்டியை இறக்காதீர்கள், சுற்றிப் போங்கள். காடு தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி என்றால் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிடுங்கள். காட்டு விலங்குகள் தண்ணீருக்கு இறங்கி வரும் நேரம் அது.

அப்புறம், நேரக் கணக்கு

மலைப்பாதையில் நிறுத்தங்களையும் சேர்த்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே பெரிது. 60 கிலோமீட்டர் ஏறி இறங்க இரண்டரை மணி நேரம். அதோடு நகரத்தைத் தாண்டும் நேரம், மேலே சுற்றும் நேரம் சேர்ந்தால் நாள் தீர்ந்துவிடும். கிராமத்துச் சாலையிலும் அடிவாரத்திலும் சராசரி 35 வரும், ஐந்து மணி நேர ஓட்டத்தில் 175 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு அது போதும். 200ஐத் தாண்டினால் மறுநாள் வேலைக்குப் போகும்போது இடுப்பு ஞாபகப்படுத்தும்.

வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டுவதுதான் ஆசை, தனியாகப் போகிறீர்கள், பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால் மலைக்கே போங்கள். புதிதாக ஓட்டக் கற்றவர், சின்ன வண்டியில் இருவராகப் போகிறவர்கள், பேச்சும் நிறுத்தமுமாகப் போக நினைப்பவர்கள் எல்லோருக்கும் கிராமத்துச் சாலை. காட்சிதான் முக்கியம் என்றால் அடிவாரம்.

மலையையும் விட மனசில்லை, மலை மேற்கில் இருக்கிறது என்றால் ஒரு கலவை சொல்கிறேன். அடிவாரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு, விடிந்த வெளிச்சத்தில் அடிவாரச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் ஏறி, 10 மணிக்குள் உச்சியைத் தொட்டு, மேகம் திரள்வதற்கு முன் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். கீழே வந்ததும் பிரேக் ஆறும்வரை ஒரு மர நிழலில் படுத்துவிட்டு, வெயில் தணிந்த பிறகு வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு. ஏறி வந்த மலை அப்போது பக்கக் கண்ணாடியில் தெரியும்.