லட்சத்தீவா, மாலத்தீவா, அந்தமானா? குமரிக்காரர் கப்பல் ஏறுமுன் ஒரு கணக்கு

கடற்கரை பார்க்கத் தீவுக்குப் போகிறோம் என்று நாகர்கோவிலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "சொத்தவிளைக்கு என்ன குறைச்சல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சங்குத்துறை, தெக்குறிச்சி, முட்டம் என்று பஸ் டிக்கெட் செலவில் போய்வரக் கடற்கரைகள் நமக்கு ஏராளம். ஆனால் அங்கே நிம்மதியாக இறங்கிக் குளிக்க முடியுமா? நம் கரைக்கு முன்னால் அலையை மறிக்க எதுவுமே இல்லை. தெற்கே பெருங்கடலில் எங்கோ கிளம்பிய அலை, இங்கே காற்று அசையாத நாளில்கூடக் கள்ளக்கடலாக வந்து கரையேறும். பவளத்தீவில் அந்த அலையெல்லாம் வெளிப்பாறையிலேயே உடைந்துவிடும். உள்ளே, பாறைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள லகூனில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கால்விரலை எண்ணலாம்.

உயிரினங்களும் அப்படித்தான். சுறாவும் திருக்கையும் நமக்குப் புதிதல்ல. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலம் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். அதே திருக்கை தலைக்குக் கீழே சிறகடித்துப் போவதைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை செலவும் அலைச்சலும்.

லட்சத்தீவு, மாலத்தீவு, அந்தமான் மூன்றிலும் மணல் வெள்ளை, தண்ணீர் நீலம். படங்களை அடுக்கி வைத்து ஒப்பிட்டால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: விடியும்போது எங்கே கண் விழிக்கிறோம்? ஓட்டலில் தூங்கினால் காலைச் சாப்பாடு முடித்து, எல்லாரோடும் சேர்ந்து ஒன்பது மணிக்குப் படகேற வேண்டும். பாறைக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்ட படகில் தூங்கினால், கூட்டம் வருவதற்குள் தண்ணீரில் இருக்கலாம்.

இந்த வகைப் பயணத்துக்கு உலகம் முழுக்க உதாரணமாகச் சொல்லப்படுவது ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலாபகோஸ். அங்கே எந்தச் சுற்றுலாக் கப்பலிலும் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. நிறையப் படகுகள் 16 பேர் மட்டும் ஏறுபவை. கரையிறங்கினால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். எந்த விலங்கிடமும் 2 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி அங்கே போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகிவிடும் என்பதால் அந்தப் பேச்சை இதோடு விடுவோம். சிறு கப்பல் பயணம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் அந்த விதிகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

லட்சத்தீவு: கப்பல் உண்டு, சிறியதல்ல

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்தும் 'சமுத்திரம்' பேக்கேஜ்தான் இங்கே பெயர் பெற்றது. கொச்சியில் ஏறி, கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பலாம். பகலில் தீவு, இரவில் கப்பல். சாப்பாடு, படுக்கை, தீவுக்குள் சுற்றிக்காட்டுவது எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும். நாகர்கோவிலில் ரயிலேறினால் அரை நாளுக்குள் எர்ணாகுளம். விமானச் செலவே கிடையாது.

ஆனால் எம்.வி. கவரத்தி 700 பேர் ஏறும் கப்பல். தீவுக்காரர்களுக்கு அது ஊர் பஸ். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கல்யாணச் சாமான் வாங்கியவர்களும் நம்மோடு வருவார்கள். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. சொகுசுக் கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு ஏறுகிறவருக்கு முகம் சுருங்கலாம்.

இறங்கும் விதத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. பல தீவுகளில் கப்பல் கரை அணையாது. பவளப்பாறைக்கு வெளியே ஆழத்திலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள். கீழே ஒரு படகு ஒட்டி நிற்கும். அலை தூக்கும்போது படகு நம் முழங்கால் மட்டத்துக்கு வரும், அடுத்த நொடி ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடும். உள்ளே ஒருவர், படகில் ஒருவர் என்று இரண்டு கப்பல்காரர்கள் நம் கைகளைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் கணத்தில் விடுவார்கள். குளச்சல் வள்ளக்காரருக்கு இது சிரிப்பாக இருக்கும். முட்டுவலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகிறவர் இரண்டு முறை யோசிக்கட்டும்.

மூன்று தீவுகளில் நான் மினிக்காய்க்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. மற்றத் தீவுகளில் மலையாளம் என்றால் இங்கே பேச்சு மாலத்தீவுக்காரர் பேசும் மொழி. நம் சந்தையில் கல்லு மாதிரி இறுகிப்போய்க் கிடக்கும் மாசிக் கருவாட்டின் மூலவீடுகளில் இதுவும் ஒன்று. சூரையைத் தூண்டிலில் பிடித்து, வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைப்பார்கள். சின்ன மீனை உயிரோடு இரைத்துச் சூரைக்கூட்டத்தைக் கூட்டி, கம்புத்தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போடுவது இந்த ஊர்க்காரர்களின் பழைய வித்தை. வலை கிடையாது.

குறை என்று பார்த்தால், கடலாமையோ பவளமோ எதுவானாலும் பகல் வெயிலில் கூட்டத்தோடுதான் பார்க்க வேண்டும். மாலையில் தீவு அழகாகத் தொடங்கும் நேரத்தில் கப்பலுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். நுழைவு அனுமதி கட்டாயம். பேக்கேஜில் போனால் அந்த வேலையை அவர்களே பார்ப்பார்கள். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த படங்கள் வெளியான பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், கப்பல் இடம் கூடவில்லை. மது பங்காரம் தீவு தவிர எங்கும் கிடையாது.

மாலத்தீவு: பெயர்தான் பயமுறுத்துகிறது

மாலத்தீவு என்றதும் நமக்குத் தண்ணீர் மேல் கட்டிய வில்லாவும் சினிமா நடிகர்களின் தேனிலவுப் படமும்தான் நினைவுக்கு வரும். அதனால் விலையே கேட்காமல் ஒதுக்கிவிடுகிறோம். தூரத்தைப் பார்த்தால் நம் மாவட்டத்துக்கு மூன்றிலும் சுலபமாக எட்டுவது இதுதான். திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து மாலே 600 கிலோமீட்டர் அளவுதான். தினமும் நேரடி விமானம் இருக்கும் என்று எண்ணாமல் தேதியை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா போய் இறங்கியதும் இலவசம்.

அங்கே 'சஃபாரி படகு' என்று சொல்வதுதான் நாம் தேடும் அசல் சிறு கப்பல். பெரும்பாலும் இருபது பேர் அளவில் ஏறலாம், வழக்கமாக ஏழு இரவு. கூடவே ஒரு தோணி வரும். காற்று உருளைகளும் துடுப்புச் செருப்புகளும் அதில்தான். விடிந்ததும் ஒரு முறை தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகே காலை உணவு. சூரையும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்த மாஸ் ஹுனியை ரொட்டியோடு தருவார்கள். மீனும் தேங்காயும் இல்லாமல் சோறு இறங்காத நம் நாக்குக்கு ஒரு குறையும் தெரியாது. சாப்பிட்டு முடிப்பதற்குள் படகு அடுத்த பாறைக்குப் போயிருக்கும்.

இரவில்தான் வேடிக்கை. சில படகுகளில் பின்பக்கம் பெரிய விளக்கைத் தண்ணீரை நோக்கிப் போட்டு வைப்பார்கள். வெளிச்சத்துக்கு மிதவை உயிரிகள் புகைபோலக் கூடும். அதைத் தின்ன ஆனைத்திருக்கை (மாண்டா ரே) வரும். வாயை அகலத் திறந்தபடி வெளிச்சத்துக்குள் வந்து, குட்டிக்கரணம் போட்டு, வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு மறுபடி அதே வட்டம். வயிற்றில் உள்ள கரும்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஓட்டலில் தங்கிப் பகல் படகில் போகிறவருக்குக் கிடைக்காதது இதுதான்.

தெற்கு ஆரி பவளத்தீவுக்கூட்டத்தில் திமிங்கலச் சுறாவை வருடம் முழுவதும் பார்க்க வாய்ப்புண்டு. 2009இலேயே அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவித்துவிட்டார்கள். 2010இல் நாடு முழுக்கச் சுறா பிடிக்கத் தடை வந்தது. சுறா வேட்டைக்குப் பெயர்போன தூத்தூர் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் பிழைப்பும் அந்த நாட்டுச் சுற்றுலாவும் ஒரே மீனை இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. யார் சரி என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை.

சிக்கல்கள் இரண்டு. முதலாவது, பெரும்பாலான சஃபாரி படகுகள் ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்காக ஓடுபவை. அந்தப் பயிற்சி இல்லாமல் ஏறினால் பகலில் பாதி நேரம் மேல்தளத்தில் துண்டு விரித்துப் படுத்திருக்க வேண்டியதுதான். மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் மிதந்தபடி கீழே பார்க்கும் ஸ்நார்கலிங்குக்கு என்றே அறிவிக்கும் பயணங்கள் உண்டு. அதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பேச்சிப்பாறைச் சானலில் குதித்து நீந்திப் பழகியவருக்கு ஸ்நார்கலிங் ஒரு மணி நேரத்தில் பிடிபடும்.

இரண்டாவது, விளம்பரத்தில் இருக்கும் விலை கடைசி விலை ஆகாது. பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். திரும்பும்போது வெளிநாட்டவருக்குப் புறப்பாட்டு வரி, சாதாரண வகுப்புக்கு 50 டாலர். பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும். இதற்கு மேல் சேவை வரி, உபகரண வாடகை, படகுக்காரர்களுக்கு டிப்ஸ். எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

அவ்வளவு முடியாது என்றால் நடுவழி ஒன்று உண்டு. 2009 முதல் மக்கள் வசிக்கும் சாதாரணத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. திகுரா போன்ற தீவில் அறை எடுத்து, திமிங்கலச் சுறா பார்க்கப் பகல் படகில் போகலாம். சிறிய இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான். விடிகாலைத் தண்ணீர் போய்விடும்; பணம் நிறைய மிஞ்சும்.

அந்தமான்: கப்பலை மறந்தால் நல்ல ஊர்

அந்தமானில் சிறு கப்பலில் தங்கித் தீவு தீவாகச் சுற்றும் ஏற்பாடு, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் வகையில், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருப்பதெல்லாம் ஓட்டலும் ஃபெர்ரியும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து ஸ்வராஜ் தீவு என்கிற ஹேவ்லாக்குக்கு மக்ரஸ், நாட்டிகா போன்ற குளிர்சாதனப் படகுகள் இரண்டு மணி நேரம் முன்பின்னாகக் கொண்டுபோய் விடும். ஜன்னல் மூடிய உட்காரும் படகு. கடல் பார்த்த நிறைவு வராது. சென்னையிலிருந்து மூன்று நாள் அளவுக்கு ஓடும் அரசுக் கப்பலைச் சிலர் ஆசையாகச் சொல்வார்கள். லீவு எண்ணிக் கிடைக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் விமானம் பிடிப்பதே வழி.

உயிரினம் பார்க்க வண்டூர் பக்கத்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா போதும். ஜாலி பாய் தீவு வருடத்தில் பாதி மாதங்களே திறந்திருக்கும். அது மூடும்போது ரெட்ஸ்கின் தீவு. ஏறும் இடத்தில் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தக் கண்டிப்பு கீழே பவளத்தில் தெரிகிறது. நீந்தத் தெரியாதவருக்குக் கண்ணாடி அடிப்படகு இருக்கிறது. சில கரைகளில் உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதைச் செல்ஃபி எடுக்கும் இடமாக நினைக்க வேண்டாம்.

வயதானவர்களோடு போக மூன்றில் இதுதான் உகந்தது. அனுமதிச் சீட்டு அலைச்சல் இல்லை, கப்பல் கதவில் தாவ வேண்டியதில்லை, கடைத்தெருவில் தமிழிலேயே பேசிக் காரியம் முடிக்கலாம்.

எப்போது போவது

நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பக்கக் கடலுக்கும் குணம் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊரில், தீவுப் பயணத்துக்கு மட்டும் கடலைக் கேட்காமல் பள்ளி லீவைக் கேட்டுத் தேதி குறிக்கிறோம்.

ஆனி ஆடிச் சாரல் நேரத்தில் லட்சத்தீவுக் கப்பல் பயணம் வாந்தி மாத்திரையோடுதான் கழியும். அக்டோபரில் கடல் தெளியும் என்றாலும் டிசம்பர் முடியும்வரை அரபிக்கடலை முழுதாக நம்ப மாட்டேன். 2017 நவம்பர் 30இல் நம்மைப் புரட்டிய ஒக்கி, அடுத்து போனது மினிக்காய், கல்பேனி பக்கம்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாதுகாப்பு. அந்தமானுக்கும் அதே மாதங்கள் பொருந்தும். பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசியிலும் சமாளிக்கலாம்.

மாலத்தீவுக்கு வறண்ட காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, விலையும் அப்போதுதான் உச்சம். ஆனால் பா பவளத்தீவுக்கூட்டத்தின் ஹனிஃபரு வளைகுடாவில் ஆனைத்திருக்கைகள் கூட்டமாகக் கூடுவது தென்மேற்குப் பருவத்தில், சுமாராக ஜூன் முதல் நவம்பர் வரை. முக்குளிக்க அங்கே அனுமதி இல்லை, ஸ்நார்கலிங் மட்டும்தான், அதுவும் நேரம் அளந்து. நமக்கு அது வசதி. நடுவில் ஓணம் வருகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இல்லாத உள்ளூர் விடுமுறை குமரிக்கு உண்டு. மழை ஒன்றிரண்டு நாளைத் தின்றுவிடும், படகு கொஞ்சம் ஆடும். பதிவு செய்யும்போது வழித்தடத்தில் பா இருக்கிறதா, ஹனிஃபரு நுழைவுக் கட்டணம் விலைக்குள் அடங்குமா, தண்ணீரில் கூட இறங்க ஸ்நார்கலிங் வழிகாட்டி வருவாரா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.