ரகம் எழுதாத ஹாப்ஸ் பொட்டலத்தை நம்பி அடுப்பை மூட்டாதீர்கள்

சிங்கப்பூரில் வீட்டில் பியர் தயாரிப்பவர்களுக்கு, அதிலும் முதன்முறை வீட் பியர் (கோதுமை பியர்) போட நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. இணையத்தில் கிட் விற்கும் ஒரு கடையிடம் 20 லிட்டர் பவேரியன் வீட் பியருக்கான பொருள்களை வாங்கி நான் ஏமாந்தேன். அதே கிட் இப்போதும் விற்பனையில் இருக்கிறது.

கோதுமை மால்ட், பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஈஸ்ட் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ் மட்டும் சாதாரண ஜிப் பையில் இருந்தது. மேலே பேனாவால் ‘25 கிராம், 60 நிமிடம்’ என்று எழுதியிருந்தார்கள். என்ன ரகம், கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம், எந்த ஆண்டு அறுவடை, எதுவும் இல்லை. கூட வந்த செய்முறைத் தாளில் ஹாப்ஸ் ரகம் ‘ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ’ என்று அச்சாகியிருந்தது. தாளில் சொன்ன நேரத்தில், சொன்ன அளவைப் போட்டேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சூட்டில் ஈஸ்ட் கெட்டுவிடக் கூடாதென்று பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் 19 டிகிரியில் புளிக்கவைத்தேன். பாட்டிலைத் திறந்தபோது வீட் பியருக்கே உரிய வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் காணோம். கசப்பு மட்டும் தொண்டைவரை நின்றது.

கடைக்கு எழுதினேன். ‘நீங்கள் 60 நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டிருப்பீர்கள்’ என்று பதில் வந்தது. புதியவர்கள் இதை நம்பிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில்தான் கசப்பாக மாறுகிறது. அந்த மாற்றம் ஆரம்பத்தில் வேகமாக நடந்து, போகப்போக மந்தமாகிவிடும். முதல் 20 நிமிடத்திலேயே ஒரு மணி நேரக் கசப்பில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு 60 நிமிடத்தை 90 ஆக்கினாலும் கூடுவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நேரத்தை எவ்வளவு தவறவிட்டாலும் பியர் இந்த அளவுக்குக் கசக்க வழியே இல்லை.

இதை எழுதி, அந்தப் பையில் இருந்தது எந்த ரகம் என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. மிட்டல்ஃப்ரூ கையிருப்பில் இல்லையாம், அதனால் மேக்னம் என்ற வேறு ரகத்தைப் போட்டார்களாம். ‘அதுவும் ஜெர்மன் ஹாப்ஸ்தான், ஒரே எடைதான் கொடுத்தோம்’ என்றார்கள். எனக்குக் கோபம் வந்ததே அந்த ‘ஒரே எடை’யால்தான். மிட்டல்ஃப்ரூவில் ஆல்ஃபா அமிலம் சுமார் 4 சதவீதம், மேக்னத்தில் 12 முதல் 14 வரை. 20 லிட்டரில் 25 கிராம் மிட்டல்ஃப்ரூ ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு 11 அல்லது 12 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) வரும். வீட் பியருக்கு வேண்டியது 8 முதல் 15 தான், ஆக அது கச்சிதமான அளவு. அதே 25 கிராம் மேக்னம் என்றால் 37 பக்கம் வரும். ஐபிஏ என்ற கசப்பான பியரைக் குடிப்பவருக்கு அது பிடிக்கலாம். வீட் பியரில் ஈஸ்ட் கொடுக்கும் மென்மையான மணம் அதற்கடியில் காணாமல் போய்விடும்.

அப்புறம் அவர்கள் சொன்ன பரிகாரங்கள். சர்க்கரை சேருங்கள், கசப்பு அடங்கும் என்றார்கள். செய்யாதீர்கள். சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். பியர் நீர்த்துப்போய்க் கசப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். மணத்துக்காக இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ் போடச் சொன்னதும் வீண், உள்ளே இறங்கிய கசப்பை அது எடுக்காது. சில மாதம் வைத்திருந்தால் கசப்பு தணியும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் வீட் பியர் புதிதாகக் குடிக்க வேண்டியது, அத்தனை நாளில் வாழைப்பழ மணமும் போய்விடும்.

உண்மையில் பலன் தந்தது கலப்பதுதான். அதே மால்ட்டில், 5 ஐபியு அளவுக்கு மட்டும் ஹாப்ஸ் போட்டு இன்னொரு தொகுதி தயாரித்தேன். ஹாப்ஸை அடியோடு விட்டுவிடக் கூடாது, பியரைப் புளிப்பாக்கிக் கெடுக்கும் பாக்டீரியாவை அடக்கி வைப்பதே அதுதான். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்பு இருப்பதால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கசந்த பியர் ஒரு பங்கு, புதியது இரண்டு பங்கு கலந்தால் கசப்பு 16 பக்கம் வந்து நிற்கும். குடிக்கும்படி ஆனது. செலவும் உழைப்பும் மட்டும் இரட்டிப்பு.

கொதிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் வேலை சுலபம். ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டித்தான் போடுங்கள். பாதியில் சந்தேகம் வந்தால் தூக்கி வெளியே போட்டுவிடலாம். மாறாக, 60 நிமிட ஹாப்ஸைப் போடாமலே நேரம் ஓடிப்போய்க் கடைசி 15 நிமிடம்தான் மிச்சம் என்றால், அதே ஹாப்ஸை இரண்டு மடங்காகப் போட்டால் கசப்பு ஏறக்குறைய சரியாகிவிடும். ஆனால் இந்தக் கணக்கு எல்லாமே ஆல்ஃபா சதவீதம் தெரிந்தால்தான் நடக்கும். அதை எழுதாமல் விற்பவர், கொதி நேரத்தை மட்டும் எழுதிக்கொடுத்து என்ன பயன்?

பணத்தைத் திருப்பித் தர முதலில் மறுத்தார்கள். ரகத்தை மாற்றியதாக அவர்களே எழுதிய செய்தியைப் படமெடுத்து அனுப்பி, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்றதும் கிட்டின் விலை மட்டும் வந்தது. 5,000 வெள்ளிவரையிலான கோரிக்கைக்கு நுகர்வோர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான், தயங்க வேண்டாம். பேச்சைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளாமல் எழுத்திலேயே நடத்துங்கள்.

இந்த மாதிரி கிட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், முதலில் பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய பாலாடைக்கட்டி நெடி அடித்தாலோ, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகியிருந்தாலோ குளிரில் வைக்காத சரக்கு அது, திருப்பி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் ரகத்தையும் ஆல்ஃபா சதவீதத்தையும் எழுத்தில் கேளுங்கள். மேக்னம் என்று பதில் வந்தால் 20 லிட்டருக்கு 8 கிராம் போதும். மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.