யூசர் மேனேஜரா, ஃப்ரீரேடியஸா, கீயாவா? நெல்லைச் சீமையின் சிறு இணைய நிறுவனங்களுக்கான ஒப்பீட்டு அலசல்

திருநெல்வேலிச் சீமையில் வீடுவீடாகக் கண்ணாடி இழை இழுத்து இணைய இணைப்புத் தரும் சிறு நிறுவனத்தார் பலர் முன்பு கேபிள் டிவி நடத்தியவர்கள். இழையை ஸ்பிளைஸ் செய்வதும், அறுந்த இடத்தை ஓ.டி.டி.ஆர். கருவி வைத்துக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சந்தாதாரர் எண்ணிக்கை சில நூறைத் தாண்டும்போதுதான் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எந்த வீட்டுக்கு எந்த ஐ.பி. முகவரி, என்ன வேகம், எந்தத் தேதி வரை என்பதையெல்லாம் ஆளும் மென்பொருள் அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கும். அதற்கு இன்று கைக்கெட்டும் மூன்று வழிகளான, ரவுட்டர் செய்யும் மைக்ரோடிக் நிறுவனத்தின் யூசர் மேனேஜர், ஃப்ரீரேடியஸ், ஐ.எஸ்.சி. நிறுவனத்தின் கீயா ஆகியவற்றில் அண்மை ஆண்டுகளில் வந்துள்ள புதிய வசதிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வசதிப் பட்டியலின் நீளத்தை நான் பொருட்படுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை அறுக்காமல் சேவையை மாற்ற முடியுமா, மேல் இணைப்பு (பெரிய நிறுவனத்திடமிருந்து நாம் வாங்கும் இணையம்) தடம் மாறும்போதும் மின்சாரம் போய்வரும்போதும் மென்பொருள் நிலைத்து நிற்குமா என்ற இரண்டு கேள்விகளே என் உரைகல். மாத வாடகைக்குக் கிடைக்கும் பில்லிங் பேனல்களைத் தனி வழியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவையும் ரேடியஸ் நெறிமுறை (யாரை உள்ளே விடுவது, என்ன வேகம், எவ்வளவு பயன்பாடு என்று ரவுட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி) வழியாகவே நம் ரவுட்டரோடு பேசுவதால், ஃப்ரீரேடியஸைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் யூசர் மேனேஜர். மைக்ரோடிக் ரவுட்டர்களின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7.1 நிலையான பதிப்பாக 2021 டிசம்பரில் வெளிவந்தபோது, 6ஆம் பதிப்பில் தனியொரு வலைப்பக்கமாக இருந்த யூசர் மேனேஜர் புதிதாக எழுதப்பட்டு, வின்பாக்ஸ் என்ற மேலாண்மைச் செயலியிலும் கட்டளை வரியிலும் மற்ற மெனுக்களோடு சேர்ந்துகொண்டது. இது பார்வைக்குச் சிறிய மாற்றமாகத் தெரியலாம். ஆனால் 7ஆம் பதிப்பில் வந்த ரெஸ்ட் ஏ.பி.ஐ.யோடு (வெளி நிரல்கள் ரவுட்டருக்குக் கட்டளையிடும் வழி) சேர்த்துப் பார்த்தால், கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் போடும் பையனுக்கு ரவுட்டரின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஒரு சிறிய படிவத்தை மட்டும் எழுதிக் கொடுத்து வேலையை முடிக்கலாம் என்பது புரியும். தனிச் சர்வர் வேண்டாம், லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டாம். சேரன்மகாதேவியில் ஒரே ஓ.எல்.டி. (வீடுகளுக்குப் போகும் இழைகள் கிளம்பும் தலைமைக் கருவி) வைத்து நடத்துபவருக்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் உரிம நிலையைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. யூசர் மேனேஜரில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கக்கூடிய இணைப்புகள் 4ஆம் நிலை உரிமத்தில் 20, 5ஆம் நிலையில் 50. 6ஆம் நிலையில்தான் வரம்பு இல்லை. அதே 5ஆம் நிலை ரவுட்டர் பி.பி.பி.ஓ.இ. (பெயரும் கடவுச்சொல்லும் தந்து டயல் செய்யும் முறை) இணைப்புகளை 500 வரை தாங்கும் என்பதால், 500 வீடுகளுக்கு அது போதும் என்று எண்ணி ஆர்.பி.5009 ரவுட்டர் வாங்கியவர், 51ஆவது வீடு உள்ளே வர முடியாமல் நிற்பதைப் பார்த்துத் திகைப்பார். சி.சி.ஆர். வரிசை ரவுட்டர்கள் 6ஆம் நிலை உரிமத்தோடு வருவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, யூசர் மேனேஜரின் தரவுத்தளம் ரவுட்டரின் உள் நினைவகத்திலேயே எழுதப்பட்டால் ஓயாத கணக்கெழுத்தில் அந்த நினைவகம் தேய்ந்துபோகும். அதை வெளி யு.எஸ்.பி. அல்லது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். இணையவழிக் கட்டணத்துக்கு அதில் உள்ளது பேபால், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் மேலப்பாளையத்துச் சந்தாதாரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஃப்ரீரேடியஸின் கதை வேறு. 1999இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள், அழகான முகப்பு எதையும் தராமல், உரைக் கோப்புகளாலும் எஸ்.க்யூ.எல். அட்டவணைகளாலும் ஆளப்படுகிறது. டாலோரேடியஸ் போன்ற ஒரு வலைமுகப்பை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம் என்றாலும், அதன் வலு அட்டவணைகளில்தான் இருக்கிறது. சந்தாதாரரின் கடவுச்சொல் ராட்செக்கில், அவர் சேர்ந்த பிளான் ராட்யூசர்குரூப்பில், அந்த பிளானின் வேகம் ராட்குரூப்ரிப்ளையில், பயன்பாட்டுக் கணக்கு ராட்அக்ட்டில் என்று பிரிந்து கிடப்பதால், பில்லிங் நிரல் எதுவாக இருந்தாலும் ஒரு எஸ்.க்யூ.எல். வரியில் சேவையை மாற்றிவிடலாம்.

சேவை மாற்றத்தின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. அட்டவணையில் வேகத்தை மாற்றினால், அது அடுத்த முறை டயல் ஆகும்போதுதான் நடைமுறைக்கு வரும். இரவு ஒன்பது மணிக்கு ரீசார்ஜ் செய்தவர் ரவுட்டரை அணைத்துப் போட வேண்டும் என்று சொல்வது நாகரிகம் அல்ல. இதற்காகவே ஆர்.எஃப்.சி. 5176 என்ற 2008ஆம் ஆண்டு ஆவணம் சி.ஓ.ஏ. என்னும் செய்தியை வரையறுத்திருக்கிறது. வழக்கமாக ரவுட்டர் கேட்க, ரேடியஸ் சர்வர் பதில் சொல்லும். இதில் சர்வரே முந்திக்கொண்டு, ரவுட்டரின் 3799ஆம் யு.டி.பி. போர்ட்டுக்கு, இன்ன செஷனுக்கு இன்ன வேகம் என்று சொல்லிவிடுகிறது. ரவுட்டரில் ரேடியஸ் இன்கமிங் என்ற அமைப்பைத் திறந்துவிட்டு, அக்ட்-செஷன்-ஐடியையும் மைக்ரோடிக்-ரேட்-லிமிட் மதிப்பையும் ராட்கிளையன்ட் கட்டளை வழியாக அனுப்பினால், ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ நிற்காமலே வேகம் மாறும். அந்த மதிப்பை எழுதும்போது ஒரு கவனம் தேவை: 50எம்/100எம் என்று எழுதினால் முதல் எண் ரவுட்டர் பெறுவது, அதாவது சந்தாதாரரின் அப்லோடு, இரண்டாவதுதான் டவுன்லோடு. ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்கும் பிளான்களில் இந்தத் தலைகீழ் வெளியே தெரியாமல் கிடந்து, முதல் சமமற்ற பிளான் போடும் அன்று தலைதூக்கும். மேலும், சி.ஓ.ஏ.யால் வேகம் மாறுமே ஒழிய, ஐ.பி. முகவரி மாறாது, பி.பி.பி.ஓ.இ.யில் முகவரி செஷன் தொடங்கும்போது பேசி முடிக்கப்படுவது என்பதால், அதற்கு இணைப்பைத் துண்டித்துத்தான் ஆக வேண்டும். 7ஆம் பதிப்பு யூசர் மேனேஜரிலும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் சி.ஓ.ஏ. போர்ட் குறிக்கும் இடம் வந்துவிட்டது. ஆனாலும் எப்போது, யாருக்கு, எந்த நிபந்தனையில் அனுப்புவது என்பதை நம் விருப்பப்படி கோத்துக்கொள்வதில் ஃப்ரீரேடியஸுக்கு ஈடு அது இல்லை.

பயன்பாட்டு அளவைக் கணக்கிடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. ரேடியஸின் அளவு எண்ணி 32 பிட் கொண்டது, சுமார் 4.29 ஜி.பி.யைத் தாண்டியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். நூறு எம்.பி.பி.எஸ். இணைப்பில் முழு வேகத்தில் இறக்கினால் ஆறு நிமிடத்துக்குள் அது நிறைந்துவிடும். எத்தனை முறை நிறைந்தது என்பதைத் தனியே சொல்வது கிகாவேர்ட்ஸ் என்ற இன்னொரு புலம். ஃப்ரீரேடியஸோடு வரும் எஸ்.க்யூ.எல். வினவல்கள் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன. சொந்தமாகக் கணக்கு நிரல் எழுதுபவர்கள் இந்தப் புலத்தை விட்டுவிட்டால், மாதக் கோட்டா ஒருநாளும் தீராத சந்தாதாரர்கள் ஊரெல்லாம் உருவாவார்கள். அவர்களாக வந்து சொல்லவும் மாட்டார்கள்.

பாதுகாப்புப் பக்கம் 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் என்ற குறைபாடு எல்லோரையும் அசைத்தது. ரேடியஸ் பதில்களின் நம்பகத்தன்மை எம்.டி.5 என்ற பழைய முறையைச் சார்ந்திருப்பதால், வழியில் உட்கார்ந்திருப்பவர் மறுப்பை அனுமதியாகத் திருத்திவிட முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் என்ற புலத்தைக் கட்டாயமாக்குவதே உடனடி மருந்து. ஃப்ரீரேடியஸ் 3.2.5இல் அதற்கான அமைப்பு வந்துவிட்டது. ரவுட்டர்ஓஎஸ் 7இன் பிந்தைய பதிப்புகளிலும் உண்டு. சர்வரும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பேனலுக்குப் பொது இணையத்தின் வழியாக ரேடியஸ் அனுப்பிக்கொண்டிருப்பவர்தான் இதைப் படித்துக் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு அந்தத் தூரத்துப் பேனல்களே நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணிக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அப்படியொரு வெள்ளம் சாலையை அரித்தால் சாலையோரக் குழியில் கிடக்கும் இழையும் கூடவே போகும். மேல் இணைப்பே போய்விட்டால் சந்தாதாரரை அனுமதித்து என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டாவது மேல் இணைப்பு வைத்திருப்பவருக்குத்தான் இந்தச் சிக்கல் வருகிறது. ரேடியஸ் சர்வர் தன்னிடம் கேட்கும் ரவுட்டரை அடையாளம் காண்பது அதன் மூல ஐ.பி. முகவரியை வைத்து, இரண்டாவது நிறுவனத்தின் தடத்துக்கு மாறியதும் அந்த முகவரி மாறிவிடுகிறது, அறியாத முகவரியிலிருந்து வரும் கேள்விக்கு சர்வர் மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் செஷன்கள் தொடரும். பகுதியில் மின்சாரம் போய் வந்து, நூற்றுக்கணக்கான ஓ.என்.டி.கள் (வீட்டில் இழை வந்து முடியும் பெட்டிகள்) ஒரே நிமிடத்தில் டயல் செய்யும்போதுதான், இணையம் இருந்தும் ஒரு வீட்டிலும் இணைப்பு இல்லை என்ற நிலை ஏற்படும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பாளையங்கோட்டையில் நம் சொந்த அறையிலேயே ஒரு சாதாரண இயந்திரத்தில் ஃப்ரீரேடியஸை ஓட்டுவது ஒன்று. வெளியூர் சர்வர்தான் என்றால், முகவரிக்குப் பதிலாகச் சான்றிதழால் அடையாளம் காணும் ராட்ஸெக் (RadSec; மேலே சொன்ன ராட்செக் அட்டவணை வேறு) முறைக்கு மாறுவது மற்றொன்று, டி.எல்.எஸ். மேல் ஓடும் அது பிளாஸ்ட்ரேடியஸ் கவலையையும் சேர்த்துத் தீர்த்துவிடும். பேனல் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். அறிக்கைகள் எத்தனை வண்ணத்தில் வரும் என்பது அதற்கப்புறம். யூசர் மேனேஜர் ரவுட்டருக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சோதனையில் தானாகவே தேறிவிடுகிறது. அந்த ரவுட்டரே பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும் என்பது அதன் மறுபக்கம்.

மூன்றாவதான கீயா, பி.பி.பி.ஓ.இ.யே வேண்டாம் என்பவர்களுக்கானது. ஐ.எஸ்.சி. தன் பழைய டி.எச்.சி.பி. சர்வரின் (கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் மென்பொருள்) பராமரிப்பை 2022இல் நிறுத்திக்கொண்டது. அதன் வாரிசு கீயா. பழையதில் ஒரு சப்நெட் (முகவரித் தொகுதி) சேர்க்கவும் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. கீயாவில் ஜேசான் கட்டளை ஒன்றை அனுப்பினால் ஓட்டத்திலேயே அமைப்பு மாறும். 2025 ஜூனில் வந்த 3.0 பதிப்புதான் சிறு நிறுவனங்களுக்கு உண்மையில் கதவைத் திறந்தது. அதுவரை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஹூக் நூலகங்களில் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள்) பெரும்பாலானவை, ரேடியஸ் ஹூக் உட்பட, கட்டற்ற உரிமத்துக்கு வந்துவிட்டன. ஸ்டோர்க் என்ற வலைமுகப்பையும் சேர்த்தால், எந்த முகவரிக் குளம் நிரம்பி வழிகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம்.

இந்த வழியில் சந்தாதாரர் பெயரும் கடவுச்சொல்லும் தட்ட வேண்டியதில்லை. ஓ.எல்.டி.யே ஆப்ஷன் 82 என்ற குறிப்பில் எந்த போர்ட், எந்த ஓ.என்.டி. என்று எழுதி அனுப்பிவிடும். பி.பி.பி.ஓ.இ. தின்னும் 8 பைட் மிச்சமாகி, எம்.டி.யு. (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492இலிருந்து 1500க்கு ஏறும். இரண்டு கீயா சர்வர்களை ஒன்றை பாளையங்கோட்டையிலும் மற்றொன்றை அம்பாசமுத்திரத்திலும், ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும் ஹாட்-ஸ்டாண்ட்பை முறையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீயா தருவது முகவரியை மட்டுமே. வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், பணம் கட்டாதவரை நிறுத்துவதும் பி.என்.ஜி. என்னும் எல்லை ரவுட்டரின் வேலை. முகவரிக் குத்தகை முடியும்வரை சந்தாதாரர் உள்ளேயே இருப்பார் என்பதால், குத்தகைக் காலத்தை மிகவும் குறைத்து வைத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது சர்வரை ஓயாமல் தொந்தரவு செய்யும் அரைகுறை வழி. இப்படி டயல் இல்லாமல் நடக்கும் ஐ.பி.ஓ.இ. முறைக்கு ஏற்ற பி.என்.ஜி. கையில் இல்லாதவர் கீயாவின் பக்கம் இப்போதைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

முகவரிப் பதிவேட்டுக்கு நெட்பாக்ஸ், பி.எச்.பி.ஐபேம் என்ற இரண்டு மென்பொருள்களும் உண்டு. எக்செல் தாளிலிருந்து விடுபட்டால் போதும் என்பவருக்கு இரண்டாவதே போதும். ஒவ்வொரு ஓ.எல்.டி.க்கும் இரட்டை வி.லேன் (ஒரே இழையில் போக்குவரத்தைப் பிரிக்கும் குறி) போடுபவருக்கு, 2025 ஜனவரியில் நெட்பாக்ஸ் 4.2இல் வந்த, அந்த இரட்டைக் குறிக்கான க்யூ-இன்-க்யூ ஆதரவு பயன்படும்.

சட்டக் கடமையைப் பொறுத்தவரை மூன்றில் ஒன்றும் தனித்து நின்று போதாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணைப்புப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலத்தைத் தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கியது. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் சி.ஜி.நாட் அமைப்பில், போலீஸ் கேட்கும் முகவரி, போர்ட், நேரம் மூன்றையும் ஒரு சந்தாதாரரோடு பொருத்திக் காட்ட, ராட்அக்ட் அட்டவணையோடு நாட் (முகவரி மாற்றும்) பதிவும் வேண்டும். வீட்டுக்கு இத்தனை போர்ட் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் இந்தப் பதிவு மலையளவிலிருந்து கையடக்கத்துக்கு வந்துவிடும். டெலிகேட்டட்-ஐபிவி6-ப்ரீஃபிக்ஸ் என்ற ரேடியஸ் புலம் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஐ.பி.வி.6 கொடுத்துவிட்டால், அந்தப் போக்குவரத்துக்கு நாட் பதிவே தேவைப்படாது. முகவரியைப் பார்த்தே வீடு தெரியும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நினைப்பவர்கள் எல்லா ஊரையும் ஒரே இரவில் மாற்ற வேண்டியதில்லை. ரவுட்டர்ஓஎஸில் பி.பி.பி.ஓ.இ. சர்வரும் டி.எச்.சி.பி.யும் ஒரே வி.லேனில் அருகருகே இயங்கும். முக்கூடலின் ஓ.எல்.டி.யை மட்டும் முதலில் ஃப்ரீரேடியஸுக்குத் திருப்பி, ஒரு முழு ரீசார்ஜ் மாதம் ஓடவிட்டு, அம்மாத ராட்அக்ட் கணக்கைப் பழைய பேனலின் கணக்கோடு வீடுவீடாக ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே வருகிறது என்று பார்த்த பிறகு வள்ளியூரைத் தொடலாம்.