மேட்டைப் பார்த்து நிறுத்தினால் அடம்பிடிக்கும் டீசல் வண்டி

கோத்தகிரியில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பேரின் பார்வை பழகிப்போயிருக்கும். விடிகாலையில் செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்டு ஜன்னலைச் சாத்தும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறும்போது பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு பைக்கில் வருபவர் இன்னொருவர்.

என் வண்டி 2003 மாடல். 2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ரோட்டரி பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிட்டுத் தள்ளுவது), ப்ரீசேம்பர் இன்ஜின் (டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரிய ஆரம்பிக்கும் வகை). கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை இன்ஜின் யாருடையதாக இருந்தாலும் வயதானால் வரும் நோய்கள் ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கி, பல வருடமாக மலைக்கும் கோவைக்குமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடையில் ஒரு குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆவது பெரும்பாடாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சைலன்சரைப் பார்த்த மாத்திரத்தில், "போர் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கிரலாம்" என்றார்கள். சிலிண்டர் தேய்ந்துவிட்டது, இன்ஜினைக் கழற்றி வெளியே எடுத்து வேலை பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இறக்கவில்லை. இன்றுவரை அந்த இன்ஜின் இறங்காமல்தான் ஓடுகிறது.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்: வெள்ளை என்றால் எரியாத டீசல், கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் ஆயில். சரிதான். ஆனால் என் அனுபவத்தில், நிறத்தைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் பேசும். காலையில் மட்டுமா, சூடான பிறகுமா, ஏற்றத்திலா, இறக்கத்திலா என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டார்ட்டிங் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் வேகமாகச் சுற்றவில்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அந்தச் சூட்டில்தான் எரிய வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து, சூடும் சுவர்களுக்குப் போய்விடும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அது டீசல் வண்டிக்கு ஆகாது. என் வண்டியில் பேட்டரி புதிது, ஆனாலும் சுற்றுவது சோம்பலாக இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் ஒயர் உள்ளே பச்சை பூத்திருந்தது. மாற்றியதும் சுற்றுகிற சத்தமே வேறு.

அடுத்தது ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் பண்ணும் முன் எரியும் அறையைச் சூடாக்குவது. டேஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைகிறது, ஆகவே பிளக் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. பல பழைய வண்டிகளில் அந்த லைட் வெறும் டைமர்தான். நாலு பிளக்கும் செத்துப்போயிருந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும். பிளக்குகளின் தலையை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக மீட்டரில் பார்க்க வேண்டும். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில், பெரும்பாலும் அதற்கும் கீழே காட்டும். செத்தது எதுவுமே காட்டாது. மீட்டர் இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப் போதும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்ப் வழியாக பிளக் தலையைத் தொட்டால், நல்லதில் எரியும், கெட்டதில் எரியாது. என்னுடையதில் பாதி பிளக் அவுட். ப்ரீசேம்பர் இன்ஜினில் எரியும் அறையின் சுவர்ப்பரப்பு அதிகம், சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் 22-க்கு 1 என்கிற அளவுக்கு அழுத்தினாலும் மலைக் குளிரில் பிளக் இல்லாமல் முடியாது.

கழற்றும்போது அவசரம் கூடாது. நுனி வீங்கிப்போன பிளக் ஹெட்டுக்குள்ளேயே (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒடிந்தால் கதை கந்தல். முதல் நாள் இரவே துருநீக்கும் ஆயில் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் திருப்பி எடுப்பது நல்லது. புதிது வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். குறைந்த வோல்ட் பிளக்கை 12 வோல்ட் வண்டியில் போட்டால் சீக்கிரம் எரிந்துபோகும். அதிக வோல்ட் பிளக்கைக் குறைந்த வோல்ட் வண்டியில் போட்டால் சூடே ஏறாது.

பிளக் மாற்றிய பிறகும் சில நாள் காலையில் பட்டென்று பிடிக்கும், சில நாள் பேட்டரியைக் காலி பண்ணும். இதுதான் என்னைக் குழப்பியது. கடைசியில் துப்புக் கொடுத்தது எங்கள் தெரு. சரிவான தெரு அது. வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்ற நாட்களில் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டைப் பார்த்து நின்ற நாட்களில் அடம்பிடிக்கிறது. டேங்க் பின்னால், பம்ப் முன்னால். மூக்கு பள்ளத்தில் இருந்தால் டேங்க் உயரத்தில் இருக்கும், டீசல் பம்ப் பக்கமே நிற்கும். மூக்கு மேட்டில் இருந்தால் ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பிப் போகும். அப்படித் திரும்ப வேண்டுமானால் எங்கோ காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும்.

காலையில் சாவியைத் தொடாமல் ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்கிப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்து, அப்புறம் இறுகியது. இறுகிய பிறகு சாவியைத் திருப்பினால் உடனே பிடித்தது. ஏர் எடுக்கிறது என்பது உறுதி. இதில் ஒரு சூட்சுமம்: டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாது. தரையில் ஈரம் இல்லை, ஆகவே லீக் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டோம். வண்டி ஓடும்போது அதில் ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்து வந்தோம். கைப்பம்பின் ரப்பர் டயஃப்ரமும், ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ-ரிங்கும் வெடித்திருந்தன. செலவு சில நூறு ரூபாய். இன்ஜினை இறக்கியிருந்தாலும் இந்த ரப்பர் அப்படியேதான் இருந்திருக்கும், காலைத் தகராறும் தொடர்ந்திருக்கும்.

இனி புகை. இத்தனைக்குப் பிறகு வெள்ளைப் புகை பெருமளவு குறைந்தது, ஆனால் முதல் சில நிமிடம் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுத்தடுமாறி, கண் எரிகிற டீசல் வாடையோடு புகைந்தது. ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது) வரும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்று தளர்த்திப் பார்த்தார் மெக்கானிக். மூன்று சிலிண்டர்களில் தளர்த்தியபோது இன்ஜின் தள்ளாடியது. ஒன்றில் எந்த மாற்றமும் இல்லை, புகை மட்டும் நின்றது. அதுதான் கோளாறு. (இதைச் செய்யும்போது கையைப் பைப் முனைக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் மாதிரி தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.) கோவையில் பம்ப் கடையில் டெஸ்ட்டரில் மாட்டி அமுக்கியபோது மற்ற மூன்றும் 'கிர்' என்று பனி மாதிரி அடித்தன, இது மட்டும் முனையில் சொட்டு கட்டி ஒழுகியது. ப்ரீசேம்பர் இன்ஜினின் நாசில் (இன்ஜெக்டரின் முனை) பெரும்பாலும் 120 முதல் 150 பாரில் திறக்க வேண்டும். இது அதற்கு வெகுமுன்பே திறந்துகொண்டது. நாசில் மாற்றி, அடியில் இருக்கும் வாஷரையும் புதிதாகப் போட்டார்கள். பழைய வாஷரையே திருப்பிப் போடுகிற கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் அது வேறு கதை. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

கருப்புப் புகையில் பாதிக் குற்றம் மலையுடையது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் காற்று குறையும். பம்ப் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அதே அளவு டீசலைக் கொடுக்கும். ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மீதிப் பாதிக் குற்றம் முந்தைய ஓனருடையது. 'பிக்கப்' வரும் என்று பம்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றி விட்டிருந்தார், பம்பில் கம்பெனி வைத்த சீல் உடைந்திருந்தது. காலிபரேஷனில் அளவுக்குக் கொண்டுவந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது ஒரு கியர் குறைத்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. எனக்குப் பரவாயில்லை.

நீலப் புகை ஏற்றத்தில் வரவே இல்லை. அரவேணு தாண்டி இன்ஜின் பிரேக்கிலேயே இறங்கி, குஞ்சப்பனைக்குப் பிறகு முதல் முறை மிதிக்கும்போதுதான் பின்னால் ஒரு நீலப் பந்து. நீண்ட நேரம் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது வால்வ் தண்டு வழியாக ஆயில் கசிந்து சேர்ந்து, மிதித்ததும் மொத்தமாக எரிகிறது. ரிங் போயிருந்தால் ஏற்றத்தில் மிதிக்கும்போதும் விடாமல் வரும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று ஊதும். இங்கே ஊதவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) எடுத்துப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றன. எங்கள் இன்ஜினில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால் வால்வ் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே விழாது. அதனால் ஹெட்டைக் கழற்றாமலே, வால்வ் தண்டில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றிவிட்டோம்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். குளிரில் பிடிக்கவில்லை என்று ஈதர் ஸ்ப்ரேயை ஏர் ஃபில்டரில் அடிப்பவர்கள் உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது அகால நேரத்தில் வெடித்து ரிங்கை உடைக்கும், சில சமயம் பிஸ்டனையே. மறுபடி மறுபடி ஸ்ப்ரே தேவைப்படுகிற வண்டிக்குத் தேவை ஒரு மீட்டரும் கண்ணாடி டியூபும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழில், பிஎஸ்-4 என்கிற புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியைக் காட்டும் அளவு). வேலைக்கு முன் என் வண்டி அதை ஒட்டியே நின்றது. இப்போது நன்றாகக் கீழே இருக்கிறது. 15 வருடம் தாண்டியதால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தபோதும் புகை பற்றி யாரும் கேட்கவில்லை.

முழுக்கப் புதிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் காலைகளில் ஹீட்டரை இரண்டு தடவை போட்டுத்தான் அடிக்கிறேன்; முதல் நிமிடம் லேசாக வெளுத்துப் புகையும். ஆயிலும் கொஞ்சம் குடிக்கிறது. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் குச்சியில் அளவு பார்த்துக் குறித்து வருகிறேன். அந்தக் கணக்கு ஏற ஆரம்பித்தால் ரிங் வேலையைப் பற்றி யோசிக்கலாம், அதுவரை இன்ஜின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.