வேவ் பிளஸ்ஸா, ஸ்பிரிட்டா: வெட்டுவாயை வைத்து ஒரு தேர்வு

தென்னந்தோப்புக்குப் போகும் நாள்களில் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறதோ இல்லையோ, கால்சட்டைப் பையில் ஒரு மல்ட்டிடூல், அதாவது கத்தி, திருப்புளி முதலியவை கைப்பிடிகளில் மடங்கியிருக்கும் குறடு, இருந்தாக வேண்டும். சொட்டுநீர்க் குழாயை நறுக்குவது, வேலியின் கட்டுக்கம்பியை முறுக்குவது, மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றுவது என்று அதற்கு ஏதேனும் ஒரு வேலை வந்துகொண்டே இருக்கும். பழைய கருவி பயனற்றுப் போனபோது, லெதர்மேன் நிறுவனத்தின் வேவ் பிளஸ், விக்டோரினாக்ஸின் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் ஆகிய இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் தயங்கி, வேவ் பிளஸ்ஸை வாங்கினேன். அதனோடு இரண்டு ஆண்டுகள் பழகிவிட்டேன். ஸ்பிரிட் என் மைத்துனருடையது. மூன்று வாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்தியதோடு சரி என்பதால், அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுமே துருப்பிடிக்காத எஃகு. இரண்டிலும் கத்தி, அரம், ரம்பம், கத்தரிக்கோல் உண்டு. மடக்கிய நிலையில் வேவ் 10 செ.மீ., ஸ்பிரிட் 10.5 செ.மீ. நீளம். வேவின் எடை 241 கிராம். ஸ்பிரிட் அதைவிடச் சற்று இலேசு, வேட்டி மடிப்பில் செருகினால் இரண்டுமே கனக்கும். விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. பேனாக்கத்திகளில் சிலவற்றிலும் ஒரு சின்னக் குறடு இருக்கிறது. அது முள் எடுக்க உதவும், கம்பி முறுக்க உதவாது.

வடிவமைப்பில் இரண்டும் பிரிகிற இடம், கத்தி, திருப்புளி போன்ற அலகுகளை எந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறார்கள் என்பதுதான். டிம் லெதர்மேன் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கருவியில் எல்லா அலகுகளும் கைப்பிடியின் உட்புறத்தில் இருந்தன. கத்தி மட்டும் வேண்டுமென்றாலும் குறட்டை முழுவதும் விரித்தாக வேண்டும். 1998இல் வந்த வேவ், கத்திகளையும் அரத்தையும் ரம்பத்தையும் வெளிப்புறத்துக்கு மாற்றியது; ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகைப் பெருவிரலாலேயே கத்தியைத் திறக்க முடிகிறது. ஆனால் திருப்புளிகளும் கத்தரிக்கோலும் உள்ளேயே தங்கிவிட்டன. ஸ்பிரிட்டில் எல்லாமே வெளிப்புறத்தில் இருப்பதால், குறடு மூடியிருக்கும்போதே நட்சத்திரத் திருப்புளியை நகத்தால் இழுத்துக்கொள்ளலாம். வேவில் கைப்பிடிகளை விரித்து, திருப்புளியை வெளியே எடுத்து, மறுபடியும் மடக்க வேண்டும். நட்சத்திர முனை தட்டையாகச் செருகப்பட்ட தனித்துண்டு என்பதால், அதைப் புல்தரையில் நின்றுகொண்டு கழற்றிப் புரட்டுவது நல்லதல்ல. இந்த ஒரு விஷயத்தில் ஸ்பிரிட்டின் வடிவமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. (இரண்டிலும் கைப்பிடி வெறும் எஃகு, மின்காப்பு கிடையாது, ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுமுன் மெயினை இறக்கிவிட வேண்டும்.)

இவ்வளவு இருந்தும் நான் வேவ் பிளஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அதன் வெட்டுவாய்தான், அதாவது குறட்டில் கம்பியை நறுக்கும் விளிம்புகள். என் பழைய கருவி, பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஒரே மாலையில் கெட்டது. பைக்கின் கிளட்ச் கேபிள் உள் கம்பியில் தொங்கிய பிசிறை அதனால் நறுக்கினேன். இரண்டாவது அழுத்தத்தில் ‘நறுக்’கென்று ஒலி கேட்டது, விளக்கொளியில் பார்த்தபோது வெட்டுவாயின் இரு பக்கங்களிலும் எள்ளளவுக்குப் பல் விழுந்திருந்தது. கம்பியின் கடினம் வெட்டும் விளிம்பின் கடினத்தை நெருங்கும்போது நசுங்குவது விளிம்புதான். அதன்பின் மெல்லிய செம்புக்கம்பியை வைத்தால் அது அந்தப் பல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டு வளைந்ததே தவிர அறுபடவில்லை. வெட்டுவாய் குறட்டோடு ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருந்ததால் தீட்டவும் வழியில்லை; தீட்டினால் இடைவெளி விழுந்து இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடாது.

ஸ்பிரிட்டிலும் வெட்டுவாய் குறட்டோடு சேர்ந்ததே. மெல்லிய, மென்மையான கம்பிகளுக்கு 40 ஹெச்ஆர்சி (உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவு) கடினம்வரை என்று விக்டோரினாக்ஸ் தானே வரம்பு சொல்கிறது. கடினக் கம்பிக்கு அச்சுக்கு அருகில் தனி இடம் வைத்திருக்கிறது. கவனமாகக் கையாள்பவரிடம் அது நெடுநாள் உழைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் தோப்பில் கருவி என் கையில் மட்டும் இருப்பதில்லை. வேலைக்கு வருபவர் கேட்டால் கொடுக்க வேண்டும், அவர் எந்தக் கம்பியை நறுக்குகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது. வேவின் புதிய வடிவமாக 2018இல் வந்த வேவ் பிளஸ்ஸில் வெட்டுவாய்கள் தனித்துண்டுகள். சிறு திருகைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால், குறடு மீண்டும் முதல்நாள் நிலைக்கு வந்துவிடும். அந்தத் திருகைத் தொலைக்காமல் இருக்க வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துச் செய்வது என் வழக்கம்.

மற்ற பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியோடு சேர்ந்து மூட்டை இறுக்கிவிடும்.

கம்பியைத் தொடாமல், நாள் முழுவதும் திருகுகளையே கழற்றி மாட்டுகிறவர் என்னிடம் கேட்டால் ஸ்பிரிட்டையே வாங்கச் சொல்வேன். கணினி பழுதுபார்க்கும் என் மைத்துனர் அதை வாங்கியது சரியான முடிவு. வேலியும் கேபிளும் உள்ள இடத்தில் வேலை செய்பவருக்கு வேவ் பிளஸ். அதை வாங்கும்போதே மாற்று வெட்டுவாய் ஒரு ஜோடியும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. என்னுடைய மாற்று ஜோடி மோட்டார் அறை அலமாரியில், ஃபியூஸ் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.