பொள்ளாச்சியில் படித்த பிசினஸ் டிப்ளமோ, பைப் கடையில் ஏழு வருஷம் கழித்து

2016 ஜூனில் சேர்ந்து 2018 மே மாதம் முடித்த இரண்டு வருட பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிப்ளமோ பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு மாவட்டம். கல்லூரி கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம், பெயர் வேண்டாம். படிக்கும்போதே எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது அப்பாவின் பைப், மோட்டார் கடையில் ஏழு வருஷம் உட்கார்ந்தாகிவிட்டது, எந்தப் பாடம் சோறு போட்டது, எது சும்மா பரீட்சைக்கு என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். சித்தூர் தாலுகாவில் அது அதிசயமில்லை. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தேன், புத்தகம் ஆங்கிலம், டீச்சர் நடத்தியது மலையாளம், எனக்குள் ஓடியது தமிழ். டெபிட் எது கிரெடிட் எது என்று புரியாமலே பாஸ் ஆனேன். டிப்ளமோவில் அக்கவுண்ட்ஸ் எடுத்த சார் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதமே, "உங்க கடையில பற்று வரவு நோட்டு இருக்குமில்ல தம்பி, நாளைக்கு எடுத்துட்டு வா" என்றார். அப்பாவின் அந்த நீள நோட்டை, எண்ணெய்க் கறையோடு, கூச்சப்பட்டுக்கொண்டே கொண்டுபோனேன். ஒரு விவசாயியின் பக்கத்தைத் திறந்து, அவர் பைப் வாங்கியது பற்று, இதுதான் டெபிட், அவர் பணம் கொடுத்தது வரவு, இதுதான் கிரெடிட், ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு எழுதியிருக்கிறாரே, இதுதான் பேரேடு, லெட்ஜர் என்கிறார்களே அது இதுதான், உங்க அப்பா இருபது வருஷமா எழுதிட்டிருக்கார் என்றார். மொத்த ஃபீஸும் அந்த ஒரு மணி நேரத்துக்கே சரியாகிவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்தது வரிப் பாடம். இதில் எங்களுக்கு நேரம் வாய்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். சிலபஸில் இருந்தது வாட், கலால் வரி, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால், வாங்குபவர் சி ஃபார்ம் கொடுத்தால் 2 சதவீத வரி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, மூன்றாவது செமஸ்டர் தொடங்குகிற நேரம், புத்தகம் ஒரே ராத்திரியில் பழசாகிவிட்டது. ஆசிரியர்களுக்கே தெரியாது, அதனால் பாடம் நடத்தாமல் எல்லாரும் சேர்ந்து படித்தோம். எல்லையில் கடை வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உள்நாட்டு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. எல்லையில் வாளையாறு செக்போஸ்ட்டில் வரிச் சோதனைக்காக லாரி வரிசை கட்டிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

கடையில் உட்கார்ந்த முதல் வருஷத்திலேயே இதில் நானே சறுக்கினேன். பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரருக்கு பிவிசி பைப் நம் டெம்போவில் அனுப்பினோம், பில்லில் பழக்க தோஷத்தில், மாநிலத்துக்குள் விற்றால் மத்திய, மாநிலப் பங்காகப் போடுகிற சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து போன். "ஏனுங்க, எங்க நம்பரு 33ல ஆரம்பிக்குதுங்க, உங்களுது 32. இந்த பில்லுல எனக்கு இன்புட் வராதுங்களே, கட்டுன வரியைக் கழிச்சுக்க முடியாதுங்களே." கேரளாவின் கோடு 32, தமிழ்நாட்டின் கோடு 33, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் கடையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் உள்மாநிலம், கண்ணுக்கு எட்டுகிற கோபாலபுரத்துக்கு அனுப்பினால் வெளிமாநிலம், அதற்கு ஐஜிஎஸ்டி 18. தொகை ஒன்றுதான், போகிற கணக்கு வேறு. பழைய பில்லை ரத்து செய்ய கிரெடிட் நோட் போட்டு, புது பில் அடித்து அனுப்பினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

இன்னொன்று. கணக்கு பார்ப்பவர் ஒருவர் அப்பாவிடம், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்துக்கு மாறச் சொன்னார். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை இருப்பவர்களுக்கு அது லேசான வழிதான், ஆனால் அதில் இருந்தால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. எங்கள் வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். வகுப்பில் கேட்டது ஞாபகம் இருந்ததால் தடுத்தேன். இல்லையென்றால் பொள்ளாச்சி வியாபாரத்தை நாங்களே கையெழுத்துப் போட்டு மூடியிருப்போம்.

வணிகச் சட்டம் பரீட்சையில் நான் வெறுத்த பாடம். செக் திரும்பினால் 1881ஆம் ஆண்டு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டத்தின் 138ஆம் பிரிவு, பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்ததும் பணம் கட்ட 15 நாள் அவகாசம் என்று மனப்பாடம் செய்து எழுதியதோடு சரி. 2021இல் 42 ஆயிரம் ரூபாய் செக் ஒன்று திரும்பியது. தெரிந்த மனுஷன், அறுவடை ஆகட்டும் என்று அப்பா மூன்று வாரம் ஓட்டிவிட்டார். நாள் எண்ணிப் பார்த்தேன், இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி, வக்கீலிடம் ஓடினேன். நோட்டீஸ் போனது, பணமும் வந்தது, அந்த மனுஷன் இப்போது வேறு கடையில் வாங்குகிறார். அந்த நஷ்டத்துக்குப் பாடத்தில் கணக்கு இல்லை.

சரக்கு இருப்பை மதிப்பு வாரியாக ஏ, பி, சி என்று பிரிக்கிற ஏபிசி பகுப்பாய்வு நன்றாக உதவியது. மோட்டார், கேபிள் ஏ வகை, எல்போ, டீ மாதிரி பைப் இணைப்புகள், பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா எல்லாம் சி வகை, மோட்டாரை வாராவாரம் எண்ணு, எல்போவை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடு. ஆனால் விற்பனை முன்கணிப்பு என்று சொல்லித் தந்தார்களே, போன வருஷ விற்பனையை வைத்து அடுத்த வருஷத்தைக் கணிப்பது, அது எங்கள் ஊரில் எடுபடவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாக எங்களுக்கு வர வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வந்தால் போர்வெல் மோட்டார் தூங்கும், வராவிட்டால் ஒரே மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து மூன்று லோடு வரவழைக்க வேண்டியிருக்கும். இதற்கு எந்த சூத்திரமும் இல்லை, பேப்பரில் அணை நீர்மட்டம் பார்ப்பதுதான் வழி.

நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகளும் படித்தோம். ஒரு தொழிலாளிக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் கடைப் பையனுக்கு அப்பா, சித்தப்பா, நான், சாயங்காலம் அம்மா. ஃபயோல் வந்தாலும் அவரையும் டீ வாங்கி வரச் சொல்லியிருப்போம்.

இனி குறை. பர்சனாலிட்டி டெவலப்மெண்ட் வகுப்பு சுத்த வீண். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வாங்கினோம், ஆமாம், நானும்தான். கேரளா வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் ஐந்து பேர் இருந்தும் ஓணத்தன்று இன்டர்னல் பரீட்சை வைத்தார்கள். நூறு சதவீத வேலை என்றார்கள், வந்தது நுண்கடன் வசூல் வேலை, மாதம் 11 ஆயிரம், பைக் நம்முடையது.

பெரிய அடி சான்றிதழில். சேரும்போது பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் என்று பேசினார்களே தவிர, சான்றிதழ் கொடுப்பது கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் தொலைதூரக் கல்வியில் பிபிஏ சேரப் போனபோது, இதை வைத்து நேராக இரண்டாம் ஆண்டு கிடையாது, முதல் ஆண்டிலிருந்தே தொடங்குங்கள் என்றார்கள். தொடங்கினேன், வேறு என்ன செய்ய.

போன மாதம் சித்தப்பா மகள் அதே கல்லூரியின் நோட்டீஸோடு கடைக்கு வந்தாள். "அண்ணா, சேரலாமா?" அந்த அக்கவுண்ட்ஸ் சார் இன்னும் இருக்கிறாரா என்று விசாரி, சான்றிதழில் யார் பெயர் அச்சடிப்பார்கள் என்று மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார் என்றேன். சார் போன வருஷமே நின்றுவிட்டாராம். மாதிரி காட்ட அட்மிஷன் முடியட்டும் என்றார்களாம்.